நார்தாம்ப்டன் சபை தன் போதகரை விலக்கியது ஏன்? இரட்சிப்பின் நிச்சயம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

1750ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் கனெக்டிகட் ஆற்றங்கரையில் அமைந்த நார்தாம்ப்டன் என்னும் ஊரின் சபை, 23 ஆண்டுகள் தனக்கு ஊழியம் செய்த போதகரைப் பணியிலிருந்து விலக்கியது. அவர்மீது பணக் குற்றச்சாட்டு இல்லை. ஒழுக்கக் குற்றச்சாட்டும் இல்லை. வேதப்புரட்டு என்றும் எவரும் சொல்லவில்லை. வாக்கெடுப்பில் அவர் பக்கம் நின்றோர் 23 பேர். எதிர்த்தோர் 200க்கும் மேற்பட்டோர். அப்போதகரின் பெயர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ். அமெரிக்க இலக்கியத் தாள் படித்த நம் மாணவர்கள் அவரை ‘கோபங்கொண்ட கடவுளின் கைகளில் பாவிகள்’ என்ற ஒரே பிரசங்கத்தின் வழியாக மட்டுமே அறிந்திருப்பார்கள். நரக நெருப்பைக் காட்டி மக்களை மிரட்டியவர் என்ற சித்திரம் அதனால் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் தம் பணியை இழந்தது நெருப்பைப் பற்றிப் பேசியதால் அன்று. தாம் இரட்சிக்கப்பட்டுவிட்டோம் என்று அமைதியாக நம்பிக்கொண்டிருந்தவர்களிடம், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்று கேட்டதால்தான்.

இக்கேள்வி எட்வர்ட்ஸுக்கு மிகவும் முந்தியது. சீர்திருத்த இயக்கமே ஒருவகையில் இதிலிருந்துதான் பிறந்தது. 1517இல் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் 32ஆவது, பாவமன்னிப்புச் சீட்டு கையில் இருப்பதாலேயே தம் இரட்சிப்பு உறுதி என்று எண்ணுவோரையும், அவ்வாறு எண்ணக் கற்பிப்போரையும் கடுமையாகச் சாடுகிறது. அச்சீட்டைக் குறித்த அவருடைய முதன்மையான புகார் அது விலைக்கு விற்கப்பட்டது என்பது மட்டுமன்று. பொய்யான நிம்மதியை அது தந்தது என்பதும்தான். அதற்கு மாற்றாக அவர் வைத்தது விசுவாசம். ஆனால் சீட்டைக் கண்ணால் காணலாம். விசுவாசத்தை எப்படிக் காண்பது? கத்தோலிக்கத் திருச்சபை இந்த இடத்தைத்தான் பற்றிக்கொண்டது. 1547இல் திரெந்து பொதுச்சங்கம், சீர்திருத்தக்காரர்கள் தம் இரட்சிப்பைக் குறித்துக் கொண்டாடும் உறுதியே வீண் நம்பிக்கை என்று தீர்ப்பளித்தது. ஒருவர் மற்றவருடைய நிச்சயத்தைப் பொய் நிச்சயம் என்று சொல்லும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

ஒரு நூற்றாண்டு கழித்து எழுந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை தன் 18ஆம் அதிகாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. மாய்மாலக்காரர்கள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளக்கூடும். மெய்யான விசுவாசிகளுக்கு உறுதியான நிச்சயம் கிட்டக்கூடும். ஆயினும் மெய்விசுவாசி ஒருவர் அந்நிச்சயத்தை அடைய நெடுங்காலம் காத்திருக்கவும் நேரலாம். இம்மூன்று கூற்றுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு சாதாரண விசுவாசியின் நிலை எவ்வளவு இக்கட்டானது என்பது விளங்கும். நிச்சயம் இருப்பவர் ஏமாந்தவராக இருக்கலாம். நிச்சயம் இல்லாதவர் மெய்யான விசுவாசியாக இருக்கலாம்.

இந்த இக்கட்டைச் சுமந்துகொண்டுதான் பியூரிட்டன்கள் 1630 முதல் பெருந்திரளாக மாசச்சூசெட்ஸில் வந்து இறங்கினார்கள். இங்கிலாந்தில் அந்தந்த ஊரில் பிறந்தவரெல்லாம் சபையார். புதிய நாட்டில் அவ்வாறில்லை. 1630களின் நடுப்பகுதியிலிருந்து, சபையில் முழு உறுப்பினராக விரும்புவோர் தம் உள்ளத்தில் தேவன் எவ்வாறு செயல்பட்டார் என்பதைச் சபையின்முன் எடுத்துரைக்க வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது. கேம்பிரிட்ஜ் ஊரின் போதகர் தாமஸ் ஷெப்பர்ட் ஏறத்தாழ 50 பேரின் சாட்சிகளைத் தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். வேலைக்காரப் பெண்களும் அவர்களுள் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பணிப்பெண் ஒருத்தி தன் ஆன்மாவைப் பற்றிப் பேசியது எழுத்தில் நமக்குக் கிடைப்பது அரிது என்பதால், சமூக வரலாற்று மாணவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். அச்சாட்சிகளைப் படிப்பவருக்கு வியப்பளிப்பது ஒன்று: அவற்றுள் வெற்றிக் களிப்பு மிகக் குறைவு. தயக்கம், பின்வாங்கல், மீண்டும் ஒரு சிறு நம்பிக்கை, மறுபடியும் ஐயம் என்றே பெரும்பாலானவை நகர்கின்றன. தயங்காமல் பேசுபவரைவிடத் தயங்கிப் பேசுபவரையே அச்சபை நம்பியது போலும்.

அதே ஷெப்பர்ட் 1636 முதல் 1640 வரை பத்துக் கன்னிகைகள் உவமையை விளக்கித் தொடர்ச்சியாகப் பிரசங்கித்தார். பத்துப் பேரும் கன்னிகைகள். பத்துப் பேரிடமும் விளக்கு உண்டு. பத்துப் பேரும் மணவாளனுக்காகக் காத்திருந்தவர்கள். நடுராத்திரி வரைக்கும் எவர் புத்தியுள்ளவர், எவர் புத்தியில்லாதவர் என்று வெளியே தெரியாது. சபைக்கு வெளியே இருக்கும் பாவிகளைப் பற்றியதன்று இவ்வுவமை, சபைக்கு உள்ளேயே கண்மூடி உறங்குபவர்களைப் பற்றியது என்பதே அப்பிரசங்கங்களின் சாரம். எட்வர்ட்ஸ் பின்னாளில் தம் பெருநூலில் வேறெவரையும்விட அதிகமாக எடுத்தாள்வது இந்த ஷெப்பர்டைத்தான்.

ஷெப்பர்ட் பிரசங்கித்த காலச் சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். பாஸ்டனில் ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணி தம் வீட்டில் கூட்டங்கள் நடத்தி, நல்லொழுக்கத்தை இரட்சிப்பின் அடையாளமாகக் காட்டும் போதகர்கள் உண்மையில் கிரியைகளின் உடன்படிக்கையையே போதிக்கிறார்கள் என்று சொல்லிவந்தார். ஆவியானவர் உள்ளத்தில் நேரடியாகத் தரும் சாட்சியே நிச்சயம் என்பது அவர் கருத்து. ஒழுங்காக வாழ்கிறேன், ஆகவே நான் மீட்கப்பட்டவன் என்று வாதிடுவது அவருக்குப் பொய் நிச்சயம். உள்ளத்தில் ஒரு குரல் கேட்டது, ஆகவே நான் மீட்கப்பட்டவள் என்பது அவரை விசாரித்தவர்களுக்குப் பொய் நிச்சயம். 1637 நவம்பரில் நடந்த விசாரணையில், தேவன் தமக்கு நேரடியாக வெளிப்படுத்தினார் என்று அவர் சொன்னதே அவருக்கு எதிரான இறுதிச் சான்றாயிற்று. நாடுகடத்தும் தீர்ப்பும், 1638இல் சபைநீக்கமும் தொடர்ந்தன. பெண் ஒருத்தி போதகர்களைச் சோதிக்கத் துணிந்தாள் என்பது அவ்வழக்கின் ஒரு பாதி. அப்பாதியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. மறுபாதி இந்த அடையாளச் சிக்கல்தான். அதையும் விட்டுவிடலாகாது.

அடுத்த தலைமுறையில் சிக்கல் வேறு உருவம் கொண்டது. முதல் தலைமுறையின் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒழுங்கானவர்கள், ஆனால் சபையின்முன் எழுந்து சொல்லும்படியான அனுபவம் எதுவும் தமக்கு இல்லை என்று நேர்மையாக ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தபோது, அக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. 1662இல் பாஸ்டனில் கூடிய சங்கம் ஒரு நடுவழியைக் கண்டது: உடன்படிக்கையை ஏற்று ஒழுங்காக வாழும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு, ஆனால் அப்பெற்றோருக்குத் திருவிருந்தும் சபை வாக்குரிமையும் இல்லை. ‘பாதிவழி உடன்படிக்கை’ என்ற கேலிப்பெயர் இதற்குப் பின்னர் ஒட்டிக்கொண்டது. இதைப் பக்தியின் வீழ்ச்சி என்று கொள்வது பழைய வரலாற்றாசிரியர் வழக்கம். எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. அனுபவம் இல்லாததை இருப்பதாகச் சொல்லத் துணியாத ஒரு தலைமுறையின் மனச்சான்றுதான் அதில் தெரிகிறது.

நார்தாம்ப்டன் இன்னும் ஓரடி முன்னே சென்றது. அவ்வூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் போதகராக இருந்த சாலமன் ஸ்டாடர்ட், எவர் மெய்யாக மறுபிறப்படைந்தவர் என்பதை மனிதர் எவரும் உறுதியாக அறிய முடியாது, ஆகவே ஒழுக்கமாக நடப்பவர் அனைவருக்கும் திருவிருந்து மேசை திறந்திருக்கட்டும் என்றார். அவ்விருந்தே ஒருவரை மனந்திரும்பச் செய்யும் கருவியாகலாம் என்பதும் அவர் வாதம். பாஸ்டனின் இன்கிரீஸ் மாதர் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஸ்டாடர்டைத் தளர்வானவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஐந்து எழுப்புதல் காலங்களைக் கண்ட பிரசங்கியார் அவர். மேசையைத் திறந்துவைத்தார்; பிரசங்கபீடத்தில் நின்று உறங்குபவர்களை உலுக்கவும் செய்தார். இவ்விரண்டும் அவரிடம் முரணாகத் தோன்றவில்லை. எட்வர்ட்ஸ் அவருடைய மகள்வழிப் பேரன். 1727இல் பாட்டனாருக்குத் துணையாக வந்து, 1729இல் அவர் மறைந்தபின் சபையின் முழுப் பொறுப்பையும் ஏற்றார்.

1734ஆம் ஆண்டின் இறுதியில் நார்தாம்ப்டனில் எழுப்புதல் தொடங்கியது. அரையாண்டுக்குள் 300க்கும் மேற்பட்டோர் மனந்திரும்பியதாக எட்வர்ட்ஸ் கணக்கிட்டார். 1737இல் லண்டனில் அச்சான அவருடைய விவரணம் அட்லாண்டிக்கின் இருகரைகளிலும் பரவி, மெய்யான மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரியாகவே ஆகிவிட்டது. மாதிரி ஒன்று அச்சில் வந்துவிட்டால் அதைப் பின்பற்றி அனுபவம் பெறுவது எளிது. இந்த ஆபத்தை எட்வர்ட்ஸ் பிற்பாடுதான் உணர்ந்தார்.

ஆனால் வேறொரு ஆபத்து அந்த ஆண்டே வெளிப்பட்டுவிட்டது. 1735 ஜூன் 1ஆம் நாள், ஊரின் செல்வாக்கு மிக்க வணிகரும் எட்வர்ட்ஸின் உறவு மாமாவுமான ஜோசப் ஹாலி, தமக்கு இரட்சிப்பு இல்லை என்ற அவநம்பிக்கையில் உழன்று, தம் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். எழுப்புதல் அத்தோடு அடங்கத் தொடங்கியது. பொய் நிச்சயத்தை உடைக்க வேண்டும் என்ற பிரசங்கம், நிச்சயமே இல்லாமல் தவித்த ஒருவரையும் சென்று தாக்கும் என்பதை அந்த ஊர் கண்ணால் கண்டது. எட்வர்ட்ஸ் இதைச் சாத்தானின் தாக்குதலாகவும் அக்குடும்பத்தின் மனச்சோர்வு நோயாகவும் விளக்கினார். தம் பிரசங்கத்துக்கு இதில் பங்கு உண்டா என்ற கேள்வியை அவர் எழுத்தில் எங்கும் நேராக எதிர்கொண்டதாக நான் காணவில்லை.

1740இல் ஒயிட்பீல்டு வந்தார். பேரெழுப்புதல் குடியேற்றங்கள் எங்கும் பற்றியது. அலறல், மயக்கம், தரிசனம் ஆகியவை ஆவியானவரின் அடையாளங்களாகக் கொண்டாடப்பட்டன. நியூ ஹேவனில் யேல் கல்லூரி மாணவர் டேவிட் பிரைனர்டு, தம் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு நாற்காலிக்கு இருக்கும் கிருபைகூட இல்லை என்று சொன்னதாகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். 1743 மார்ச்சில் நியூ லண்டன் துறைமுகத்தில் ஜேம்ஸ் டாவன்போர்ட் என்ற போதகர், மதிப்புக்குரிய பழைய பியூரிட்டன் நூல்களையே தெருவில் கொளுத்தச் செய்தார்; மறுநாள் ஆடம்பர உடைகளைக் கொளுத்த முற்பட்டுத் தம் காற்சட்டையையும் கழற்றிப் போட்டார். அடுத்த ஆண்டு அவரே மன்னிப்புக் கோரி அறிக்கை வெளியிட்டார். பாஸ்டனின் சார்ல்ஸ் சான்சி இவற்றையெல்லாம் திரட்டி, எழுப்புதல் என்பதே உணர்ச்சி வெறி என்று நூல் எழுதினார்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவில் நின்றுதான் எட்வர்ட்ஸ் 1746இல் ‘சமய உள்ளுணர்வுகள்’ குறித்த தம் பெருநூலை வெளியிட்டார். அந்நூலின் அமைப்பே அதன் வாதம். முதலில் பன்னிரண்டு அடையாளங்களை எடுத்துக்கொண்டு, இவை இருப்பதால் விசுவாசம் மெய் என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது என்று ஒதுக்குகிறார். உணர்ச்சியின் தீவிரம், உடல் நடுக்கம், சமயத்தைப் பற்றித் தடையின்றிப் பேசும் ஆற்றல், வேதவசனம் திடீரென மனத்தில் தோன்றுதல், தெய்வத்தைப் புகழ்வதில் ஆர்வம், முதலில் பயமும் பின்பு ஆறுதலும் என்ற ஒழுங்கான வரிசை, தன் இரட்சிப்பைக் குறித்த அசையாத உறுதி, பிற விசுவாசிகளின் மனத்தைக் கவரும் சாட்சி: எல்லாமே இப்பட்டியலில் அடங்கும். அக்கால எழுப்புதல் கூட்டங்கள் எவற்றையெல்லாம் சான்றாகக் கொண்டாடினவோ அவற்றுள் பெரும்பாலானவை இங்கே எதற்கும் சான்றல்லாதவை ஆகிவிடுகின்றன. முக்கியமாக, நிச்சயமே நிச்சயத்துக்குச் சான்று ஆகாது.

பின்பு மெய்யான அடையாளங்கள் பன்னிரண்டு. தேவனை அவர் தரும் நன்மைக்காக அன்றி அவருடைய அழகுக்காகவே நேசித்தல், தாழ்மை, ஆட்டுக்குட்டியின் சாந்தகுணம், தன் ஆன்மிக நிலையில் நிறைவடையாமல் மேலும் தாகம் கொள்ளுதல் என்று அவை தொடர்கின்றன. பன்னிரண்டாவதற்குத்தான் அவர் மிக அதிகமான பக்கங்களை ஒதுக்குகிறார். அது கிறிஸ்தவ நடைமுறை: வாழ்நாள் முழுவதும், சோதனையிலும், விலை கொடுக்க நேரும்போதும் தொடரும் வாழ்க்கை. ஹட்சின்சனை விசாரித்தவர்களின் பக்கம் எட்வர்ட்ஸ் சாய்ந்துவிட்டார் என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் ஒழுக்கமே போதும் என்றவர்களின் பக்கமும் அவர் இல்லை. உள்ளத்தில் புதிய சுவை ஒன்று பிறந்தாக வேண்டும். அது பிறந்ததா என்பது செயலில்தான் தெரியும் என்பது அவர் நிலை. தேன் இனிக்கும் என்று அறிவதற்கும் தேனைச் சுவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் வேறொரு பிரசங்கத்தில் உவமையாகக் காட்டியிருக்கிறார்.

நூல் எழுதியவரையில் தொல்லை இல்லை. அதைச் சபையில் நடைமுறைப்படுத்த முயன்றபோதுதான் வந்தது. 1748 டிசம்பரில் உறுப்பினராக விரும்பிய ஒருவரிடம், மெய்யான பக்தியை அறிக்கையிடும் வாசகம் ஒன்றை எட்வர்ட்ஸ் கேட்டார். பாட்டனாரின் திறந்த மேசையைப் பேரன் மூடுகிறார் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. தம் நிலையை விளக்கி 1749இல் அவர் நூல் ஒன்றை அச்சிட்டார்; ஊரில் மிகச் சிலரே அதைப் படித்தார்கள். ஊதியத் தகராறுகளும், 1744இல் மருத்துவச்சிகளுக்கான கையேட்டைப் படித்துப் பெண்களைக் கேலிசெய்த இளைஞர்கள்மீது அவர் எடுத்த நடவடிக்கையால் எழுந்த மனக்கசப்பும் ஏற்கெனவே இருந்தன. எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர், 1735இல் தற்கொலை செய்துகொண்ட ஹாலியின் மகன், அதே பெயர் கொண்ட வழக்கறிஞர். சபைகளின் ஆலோசனை மன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிரிவுக்குப் பரிந்துரைத்தது. ஜூலை 1ஆம் நாள் எட்வர்ட்ஸ் தம் பிரியாவிடைப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். போதகரும் சபையாரும் கடைசி நியாயத்தீர்ப்பின்முன் மீண்டும் சந்திப்பார்கள் என்பதே அதன் பொருள். வேறு போதகர் கிடைக்காததால், அதன் பின்னும் சில மாதங்கள் அதே பீடத்தில் அவரையே பிரசங்கிக்க அழைத்தார்கள் என்பது விசித்திரம். 1760இல் வழக்கறிஞர் ஹாலி, தாம் எட்வர்ட்ஸுக்குச் செய்தது பாவம் என்று ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் பாஸ்டன் செய்தித்தாளில் வெளியாயிற்று. அதைப் படிக்க எட்வர்ட்ஸ் இல்லை. 1758இல் அம்மை குத்திக்கொண்டதன் விளைவாக அவர் இறந்துவிட்டிருந்தார்.

எட்வர்ட்ஸ் தம் தவற்றையும் உணர்ந்திருந்தார். 1751இல் ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், முதல் எழுப்புதலின்போது தாம் இளமையால் ஏமாந்ததையும், தம் மக்கள் வாழ்நாள் கனிகளை விட்டுவிட்டு முதல் அனுபவத்தின் படிநிலைகளிலேயே நம்பிக்கை வைக்கத் தாம் இடம் கொடுத்ததையும் குறிப்பிடுகிறார். பொய் நிச்சயத்தைப் பற்றிப் பேசியவர்களுள், அதை உண்டாக்கியதில் தமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் அதிகமில்லை.

ஆனால் அந்த ஒப்புதலிலும் இடம்பெறாத ஒன்று உண்டு. 1731இல் எட்வர்ட்ஸ் நியூபோர்ட்டில் வீனஸ் என்ற 14 வயதுச் சிறுமியை 80 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். அவர் வீட்டில் அடிமைகள் தொடர்ந்து இருந்தார்கள். அவ்வீட்டின் அடிமைப் பெண்ணான லேயா, எழுப்புதலுக்குப்பின் 1736இல் அதே சபையின் முழு உறுப்பினராகச் சேர்க்கப்பட்டாள். அவள் ஆன்மாவில் கிருபையின் அடையாளங்களை அச்சபை கண்டது. அவளை உடைமையாக வைத்திருந்தவரின் பன்னிரண்டாம் அடையாளத்தை எவரும் சோதிக்கவில்லை. அக்காலத்து மனிதர் அப்படித்தான் என்று கடந்துபோக முடியாது. ஏனெனில் அவருடைய மாணவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் 1776இல் அடிமைமுறைக்கு எதிராக நூல் வெளியிட்டார். அவர் மகன் இளைய எட்வர்ட்ஸ் 1791இல் அடிமை வணிகத்தைக் கண்டித்துப் பிரசங்கித்தார். ஆசிரியர் செதுக்கிய அளவுகோலை மாணவர்கள் அவர் வீட்டின்மீதே வைத்துப் பார்த்தார்கள்.

இந்த ஹாப்கின்ஸ் வழிவந்த இறையியல் மரபிலிருந்துதான் 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் உருவாயிற்று. அதன் ஊழியர்கள் 1813இல் பம்பாயிலும், 1816இல் யாழ்ப்பாணத்திலும், 1834இல் மதுரையிலும் பணி தொடங்கினார்கள். இன்னொரு வழி, நாற்காலியைப் பற்றிப் பேசி யேலிலிருந்து நீக்கப்பட்ட அதே பிரைனர்டு. அவர் பின்னர் டெலவேர் பழங்குடியினரிடையே ஊழியம் செய்து 1747இல் எட்வர்ட்ஸின் வீட்டில் இறந்தார். எட்வர்ட்ஸ் 1749இல் வெளியிட்ட அவருடைய வாழ்க்கை வரலாறு வில்லியம் கேரிக்கும் ஹென்றி மார்ட்டினுக்கும் வழித்துணை நூலாயிற்று.

இந்தியாவில் ‘மெய்விசுவாசத்தின் அடையாளம் எது’ என்ற கேள்விக்குப் புதிய விடை ஒன்று கிடைத்தது: உணவு. 1800 டிசம்பரில் செராம்பூரில் ஞானஸ்நானம் பெற்ற தச்சர் கிருஷ்ண பால், அதற்குச் சில நாள் முன்னர் மிஷனரிகளோடு அமர்ந்து உண்டு சாதியை விட்டார். செராம்பூர் சபைக்கு அதுவே சான்று. தெற்கிலோ, தரங்கம்பாடி, தஞ்சாவூர் லுத்தரன் சபைகளில் வெள்ளாளக் கிறிஸ்தவரும் பறையர் கிறிஸ்தவரும் ஒரே ஆலயத்தில் தனித்தனிப் பகுதிகளில் அமர்வது ஒரு நூற்றாண்டு வழக்கம். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே முற்றாகக் கைவிடுமாறு ஆணையிட்டபோது சபைகள் பிளந்தன. 1840களின் இறுதியில் மதுரையின் அமெரிக்க மிஷன், எல்லோரும் சேர்ந்து உண்ணும் ‘அன்பின் விருந்தை’ச் சோதனையாக வைத்தது, மறுத்த உபதேசியார்கள் பணியிழந்தார்கள். நார்தாம்ப்டனில் அடையாளம் கேட்டதற்காகச் சபை போதகரை நீக்கியது. மதுரையில் அடையாளம் காட்டாததற்காகப் போதகர்கள் சபையாரை நீக்கினார்கள்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் இதை எதிர்த்தார்கள். சாதி என்பது உலக வழக்கு, விசுவாசத்தை அளக்கும் கோலன்று என்பது அவர்கள் தரப்பு. சாதி ஆதிக்கத்தின் தற்காப்பு அதில் தெளிவாகவே தெரிகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆவணங்களை அருகருகே வைத்துப் படிக்கும்போது நார்தாம்ப்டன் ஊர்ப்பதிவு ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் எழுப்புதல் ஓய்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1737இல், அவ்வூரார் புதிய ஆலயம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். அதில் எவர் எங்கே அமர வேண்டும் என்பதை முடிவுசெய்ய ஒரு குழு நியமிக்கப்பட்டது. முதலில் சொத்து மதிப்பு, அதன்பின் வயது என்பதே அக்குழுவுக்குத் தரப்பட்ட விதி.